பட்ட மரத்துச் சிப்பியும் பாட்டிமார் அறிவும்

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து வெறித்தால் போதும். நம் தெருப் பெண்கள் விடியும் முன்னே வரப்புக்கும் புற்றுக்கும் காளான் தேடிப் போய்விடுவார்கள். கையில் காசில்லாத நாளில் குழம்புக்கு ருசி கொடுத்தது அதுதான். பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் இருபிறப்பாளர் உண்ணக் கூடாது என்று விலக்கியது மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம். அப்படி விலக்கிய உணவு இன்று நகரத்துக் கடைகளில் பொட்டலத்தில் விற்கிறது. சிப்பிக் காளானும் அதில் ஒன்று.

வைக்கோல் பைகளில் வளர்க்கும் இந்தச் சிப்பிக்குக் காட்டிலும் தோப்பிலும் உறவுகள் உண்டு. அவற்றை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் இடம். பட்ட மரத்திலோ வெட்டிப் போட்ட கட்டையிலோ அடுக்கடுக்காக முளைக்கும். அடுத்தது வடிவம். குடைபோல் இல்லாமல் சிப்பிபோல், விசிறிபோல் இருக்கும். தண்டு குட்டையாக ஓரத்தில் இருக்கும், சிலவற்றில் தண்டே இருக்காது. கவிழ்த்துப் பார்த்தால் அடியிலுள்ள மடிப்புகள் தண்டு வரை இறங்கி ஓடும். தண்டில் வளையமோ, அடியில் கிண்ணம் போன்ற உறையோ பொதுவாக இருக்காது.

கடைசியாக வித்துத்தூள். பாதி கறுப்பு, பாதி வெள்ளைக் காகிதத்தில் காளானைக் கவிழ்த்து, பாத்திரத்தால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் வெள்ளையாகவோ வெளிறிய ஊதாச் சாம்பலாகவோ தூள் படிந்திருக்கும். பச்சையாகப் படிந்தால் அது சிப்பிக் காளான் அல்ல, தூக்கி எறியுங்கள்.

ஒரு குறியை மட்டும் நம்பக் கூடாது. மரத்தில் முளைக்கும் ஆம்ஃபலோட்டஸ் என்ற நச்சுக் காளானுக்கும் மடிப்புகள் தண்டில் இறங்கும், தூளும் வெளிறித்தான் இருக்கும். ஆனால் அதன் இனங்கள் பல ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். எல்லாக் குறியும் பொருந்தி, அனுபவசாலி ஒருவரும் பார்த்துச் சொன்ன பிறகே சட்டியில் போட வேண்டும்.

வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்லது, பூச்சி தின்றால் நல்லது, வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்பதெல்லாம் பொய். உயிர் குடிக்கும் சில காளான்களின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். நடுவில் தேறியதுபோல் தெரியும், அதற்குள் கல்லீரல் கெடும். சந்தேகம் வந்தால் மிச்சமிருக்கும் காளானோடு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்தப் புற்றில் எந்த மாதம் எது முளைக்கும் என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். அது ஏட்டில் ஏறாத அறிவு. செங்கல் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் குடும்பங்கள் போகப் போக, அது பேரப்பிள்ளைகளுக்கு வந்து சேர்வதில்லை. பாதி தெரிந்த பிள்ளை பறித்து வந்தால் ஆபத்து அந்த வீட்டுக்குத்தான்.

மாணவர்களே, இந்த மழைக்குப் பாட்டியோடு நீங்களும் போங்கள். அவர் சொல்லும் பெயர், முளைத்த மரம், மாதம், தூளின் நிறம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சந்தேகமானதை வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். நம் அறிவை நாமே எழுதி வைப்போம்.