முதலில் ஆண், பிறகு பெண்

மலேசியாவின் பினாங்கில், புக்கிட் தெங்காவுக்கு அருகே புக்கிட் தம்புன். அதற்கு எதிரே உள்ள அமான் தீவுப் பக்கம் மிதவைக் கூண்டுகளில் வளரும் சியாக்காப், தமிழ்நாட்டில் கொடுவா மீன்.

இதன் பிறவிக்கதை வியப்பானது. பெரும்பாலும் 3, 4 வயதில் ஆணாக முதிரும். சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறிவிடும். களவா மீனோ நேர் எதிர்: முதலில் பெண், பிறகு ஆண்.

கடலில் நிலவையும் ஓதத்தையும் ஒட்டி முட்டையிடும் கொடுவா, தொட்டியில் அடைபட்டால் சினை முற்றியும் இடாமல் நின்றுவிடுவதுண்டு. அப்போது மெல்லிய குழாயால் சில முட்டைகளை உறிஞ்சியெடுத்து அளப்பார்கள். விட்டம் 0.4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் ஹார்மோன் ஊசி. ஏறத்தாழ ஒன்றரை நாளில், இரவு வேளையில், மீன் முட்டையிடும். மறுநாளே குஞ்சுகள்!

தாய்லாந்து 1970-களிலேயே இந்த வித்தையைத் தொடங்கியது. சென்னையின் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் அதைக் கைகூடச் செய்தது. வளர்ப்புக்காகக் கடல் குஞ்சுகளை அள்ளும் தேவை குறைந்ததே இதன் பெரும்பயன்.

மீனவ நண்பர்களே, வலையில் விழும் மிகப் பெரிய கொடுவா அநேகமாகப் பெண். இனப்பெருக்கக் காலத்தில் அதைக் கடலிலேயே விட்டுவிடுங்கள்.