தருமபுரி மாவட்டத்தில் அறிவியல், தொழில்நுட்பக் கல்வியும் பாலின இடைவெளியும்

கல்வியில் பாலின இடைவெளி என்பது ஒரு படிப்பில் சேர்வோர், அதை முடிப்போர், அதைக் கொண்டு வேலைக்குச் செல்வோர் ஆகியோரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள எண்ணிக்கை வேறுபாட்டைக் குறிக்கும். தமிழ்நாட்டின் வடமேற்கில் உள்ள தருமபுரி மாவட்டத்தில் இந்த இடைவெளியைத் தேர்வு முடிவுகளில் தேடுவது வீண். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாணவியர் மாணவர்களை முந்துவது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. 2024ஆம் ஆண்டு மாநில அளவில் மாணவியரின் தேர்ச்சி 96.44 விழுக்காடு, மாணவர்களின் தேர்ச்சி 92.37 விழுக்காடு. இடைவெளி இருப்பது பள்ளிக்கு முன்னும் பின்னும்தான்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தருமபுரியில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தனர். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இம்மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. அன்று கணக்கெடுக்கப்பட்ட குழந்தைகள்தான் 2012 முதல் 2019 வரையிலான ஆண்டுகளில் கல்லூரி வயதை எட்டினர். அந்தத் தலைமுறையில் மாணவியர் குறைவாக இருந்ததற்கு எந்தக் கல்லூரியும் காரணமல்ல. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி இடத்தில் இருந்ததும் தருமபுரியே.

பள்ளிக்குப் பின் வரும் இடைவெளியைப் புரிந்துகொள்ள அறிவியலையும் பொறியியலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2020–21 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, நாட்டில் அறிவியல் பட்டப்படிப்புகளில் பெண்களே அதிகம். பொறியியல், தொழில்நுட்பப் படிப்புகளிலோ அவர்களின் பங்கு ஏறத்தாழ 29 விழுக்காடுதான். பி.எஸ்சி. படிப்புக்குச் செலவு குறைவு; பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் பேருந்தில் போய் வரலாம்; பிறகு பி.எட். முடித்து ஆசிரியராகலாம். பொறியியலுக்கான வாசல் பெரும்பாலும் பதினோராம் வகுப்பிலேயே மூடிவிடுகிறது. கணிதம் இல்லாத பாடப்பிரிவை எடுத்த மாணவி பொதுவாகப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போக முடியாது. அந்த முடிவை எடுக்கும்போது அவருக்கு வயது பதினைந்து அல்லது பதினாறு.

வீட்டில் வழிகாட்ட ஆள் இருப்பதும் முக்கியம். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது, அவருடைய தந்தை அங்கேயே பேராசிரியராக இருந்தார். சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரத்தின் சிற்றூர்களிலிருந்தோ முதல் தலைமுறையாகப் படிக்க வருபவருக்கு அப்படி யாரும் இருப்பது அரிது.

தூரம் இன்னொரு தடை. தருமபுரியை அடுத்த செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி 2013இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன் அரசுக் கல்லூரியில் பொறியியல் படிக்கப் பிற மாவட்டங்களுக்குப் போக வேண்டியிருந்தது. விடுதிக்கு அனுப்பத் தயங்கும் குடும்பம் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் வரன் பார்க்கத் தொடங்கிவிடும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் வழங்குகிறது. இத்தொகை மாணவியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. படிப்பு நின்றால் தொகையும் நின்றுவிடும்.