விதி சொன்னதும் சொல்லாததும்

விதி பெரிதா, மதி பெரிதா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பண்டைக் கிரேக்க நாடகங்களில் விதியே சர்வ வல்லமை உடையது என்றும், மனிதன் அதன் கையில் வெறும் பொம்மை என்றும் பலர் கூறக் கேட்கிறோம். அக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, கி. மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்த மகாகவி ஸோபாக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தைக் கொண்டே ஆராய்வோம்.

தீப்ஸ் நாட்டு அரசன் லேயஸ் தன் மகன் கையாலேயே மாள்வான் என்பது அப்போலோ தெய்வத்தின் அருள்வாக்கு. ஆகவே, பிறந்த சிசுவின் கணுக்கால்களைப் பிணித்து, மலையில் விட்டுவருமாறு ஓர் இடையனிடம் கொடுத்தார்கள். அவனோ மனமிரங்கி அதை வேறோர் இடையனிடம் ஒப்புவித்தான். குழந்தை கொரிந்து அரண்மனையில் ஈடிபஸ் என்ற பெயருடன் வளர்ந்தது.

வாலிபனானதும், 'தந்தையைக் கொன்று தாயை மணப்பாய்' என்னும் வாக்கை டெல்பி ஆலயத்தில் அவனே கேட்டான், நடுங்கினான். வளர்த்தவர்களையே பெற்றவர்கள் என்று எண்ணியிருந்தவன், கொரிந்துக்குத் திரும்பாமல் வேறு திசையில் ஓடினான். வழியில் ஒரு முச்சந்தியில் மூண்ட சண்டையில் முதியவர் ஒருவரைக் கொன்றான். பின்னர் ஸ்பிங்க்ஸ் என்னும் விசித்திரப் பிராணியின் விடுகதையை விடுவித்துத் தீப்ஸின் அரசனானான். கைம்பெண்ணாயிருந்த அரசி ஜோகாஸ்டாவை மணந்தான். மாண்ட முதியவரே தந்தை, மணந்தவளே தாய்!

இது விதியின் வெற்றிதான், ஐயமில்லை. ஆனால் இவையெல்லாம் நாடகம் தொடங்குவதற்கு முன்னரே நடந்து முடிந்தவை என்பதை நாம் கவனிக்க வேண்டும். மேடையில் நாம் காண்பது வேறு. நாட்டில் கொள்ளைநோய், லேயஸைக் கொன்றவனை அகற்றினாலன்றி அது நீங்காது என்கிறது டெல்பி. கொலைஞன் யாராயினும் நாட்டை விட்டு விலக்கப்படுவான் என்று ஈடிபஸ் பறைசாற்றிச் சபிக்கிறான். கண்ணிழந்த தீர்க்கதரிசி டைரீஸியஸ், தன்னை விட்டுவிடும்படி வேண்டுகிறார். உண்மையை ஊகித்துவிட்ட ஜோகாஸ்டா, மேலே விசாரிக்காதே என்று கெஞ்சுகிறாள். கிழ இடையன் வாய் திறக்க மறுக்கிறான். ஒருமுறையேனும் ஈடிபஸ் நின்றிருக்கலாம். அரியணையும் மானமும் நிலைத்திருக்கும். அவன் நிற்கவில்லை. உண்மை வெளிப்பட்டதும் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். துயரங்களைத் தந்தவர் அப்போலோ. கண்களைக் குத்தியதோ தன் கையே என்ற பொருள்படப் பேசுகிறான்.

ஸோபாக்ளீஸ் முதுமையில் இயற்றி, அவர் மறைவுக்குப் பின் கி. மு. 401-இல் அரங்கேறிய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில், முதியவனான ஈடிபஸ் மீண்டும் தோன்றுகிறான். அறியாமல் செய்த செயல்களுக்குத் தான் பாவியல்லன் என்று அங்கே வாதாடுகிறான்.

இவ்விரண்டு நாடகங்களையும் சேர்த்து நோக்கினால் கவியின் உள்ளம் புலனாகிறது. அறியாமல் நேர்ந்தது விதியின் பங்கு. அறிந்தே தீருவேன் என்று துணிந்தது மனிதனின் பங்கு. முன்னதற்காக ஈடிபஸிடம் நாம் இரக்கம் கொள்கிறோம்; பின்னதற்காகவே அவனை வணங்குகிறோம்.