கழிவுநீர்க் கசட்டிலிருந்து கன உலோகங்களை நீக்குதல்: உயிர்வழிக் கரைத்தெடுப்பின் பயனும் எல்லையும்

நகரக் கழிவுநீரைத் தூய்மைப்படுத்துகையில் எஞ்சும் கசட்டில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்துள்ளன. ஆயினும் தொழிற்சாலைக் கழிவுநீர், குழாய் அரிப்பு முதலியவற்றால் காட்மியம், ஈயம், துத்தநாகம், செம்பு ஆகியனவும் அதில் சேர்கின்றன. கரிமப் பொருள்களைப் போல இவை சிதைவதில்லை. ஆண்டுதோறும் இடப்படும் கசட்டின்வழி மண்ணில் திரள்கின்றன. எனவே, ஐரோப்பியச் சமூகத்தின் 1986ஆம் ஆண்டு நெறியாணை, வேளாண்மைக்குரிய கசட்டில் காட்மியத்தின் உச்ச வரம்பை உலர் எடையில் கிலோகிராமுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் என வகுத்தது. இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் குப்பை உரத்திற்கு விதித்துள்ள வரம்பு 5 மில்லிகிராமே.

நீக்கும் முறைகளுள் உயிர்வழிக் கரைத்தெடுப்பு குறிப்பிடத்தக்கது. கசட்டில் கந்தகத் தூள் கலந்து காற்றூட்டினால், அசிடிதயோபேசில்லஸ் பேரினத்து நுண்ணுயிர்கள் கந்தகத்தைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. பிஎச் மதிப்பு ஏறத்தாழ 2 வரை இறங்க, கசட்டுடன் பிணைந்திருந்த துத்தநாகம், செம்பு, காட்மியம் ஆகியன பெருமளவு கரைகின்றன. பின்னர் நீரைப் பிரித்தெடுத்து, கசட்டின் எஞ்சிய அமிலத்தன்மையைச் சுண்ணாம்பிட்டு நீக்குவர்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. ஈயம் எளிதிற் கரையாத சல்பேட்டாக மாறிப் பெரிதும் கசட்டிலேயே தங்குகிறது. பிரித்த நீரிலுள்ள உலோகங்களை வீழ்படிவாக்கித் தனியே பாதுகாக்க வேண்டும். அனைத்தினும் முதன்மையாக, அமிலம் மணிச்சத்தின் ஒரு பகுதியையும் கரைத்துவிடுகிறது. உரமாக்கும் முயற்சியே உரச்சத்தைக் குறைக்கிறது. ஆகவே இம்முறையின் திறனை நீங்கிய உலோக விழுக்காட்டால் மட்டும் மதிப்பிடுதல் போதாது. எஞ்சிய மணிச்சத்தையும் உடன் கணக்கிடுதல் வேண்டும். தொழிற்சாலைக் கழிவுநீரை நகரச் சாக்கடையில் கலவாது காப்பதோ இவ்விழப்பு நேராத வழியாகும்.