தங்கிவிட்டவர்களின் ஆஸ்பத்திரி

சென்னைப் புறநகரான அண்ணனூரில் இருப்பவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் ஆவடியும் அம்பத்தூரும் கூப்பிடு தூரம். பெரிய வைத்தியம் என்றால் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே அரசுப் பொது மருத்துவமனை. அங்கே வேலை பார்க்கும் டாக்டரும் நர்ஸும் டூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சொந்தபந்தம், கோயில், சினிமா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் நகரமே அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆஸ்பத்திரி அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை முடிந்து வெளியே வருபவருக்கு அந்த ஆஸ்பத்திரி வளாகமே தெரு, அதுவே ஊர். அவருடைய சாயங்காலம் எப்படிக் கழிகிறது என்பது அவருடைய தனிப்பட்ட விஷயம் என்று நாம் விட்டுவிடுகிறோம். அந்த ஆஸ்பத்திரி பத்து வருஷம் நிற்குமா, இரண்டே வருஷத்தில் பூட்டப்படுமா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

தருமபுரி மாவட்டத்தில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தாக்கு சிட்லிங்கி. மலையாளிப் பழங்குடிகளும் லம்பாடிகளும் வாழும் பகுதி. மருத்துவத் தம்பதியான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-ல் அங்கே போனபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள் கட்டிக்கொடுத்த குடிசைதான் முதல் ஆஸ்பத்திரி. இன்று அது அறுவை சிகிச்சை அரங்கு, பிரசவ அறை, ஆய்வுக்கூடம் எல்லாம் கொண்ட மருத்துவமனை. சிசு மரணமும் வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இரண்டு டாக்டர்களின் தியாகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர்கள் யாரை வேலைக்கு எடுத்தார்கள் என்பது. வெளியூரிலிருந்து நர்ஸ்களை வரவழைத்து, அவர்கள் ஓடிப்போகாமல் இருக்க வழி தேடுவதை விட்டுவிட்டு, அதே பள்ளத்தாக்கின் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கிராமங்களில் வயதில் மூத்த பெண்கள் சுகாதாரப் பணியாளர்களானார்கள். பக்கத்து ஊரில் திருவிழா என்றால் லீவு கேட்பதும், வார்டில் படுத்திருக்கும் பாட்டி தூரத்துச் சொந்தம் என்று கண்டுபிடிப்பதும், பொங்கலுக்கு எந்த வீட்டில் சாப்பாடு என்று பேசி முடிவு செய்வதும் இப்படிப்பட்டவர்களுக்குத் தானாக அமைகிற சந்தோஷங்கள். எந்த நிர்வாகமும் இவற்றைத் திட்டம் போட்டு உண்டாக்க முடியாது. நோயாளிக்கும் இதில் லாபம் உண்டு: தன் பேச்சுவழக்கிலேயே ஒருவர் அதட்டினால்தான் பலர் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்கள்.

பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியைச் சுற்றி இயற்கை விவசாயிகளின் சங்கம் வந்தது. லம்பாடிப் பெண்களின் கைத்தையல் பிழைப்பாக மாறியது. பக்கத்திலேயே ‘துளிர்’ என்ற கல்வி மையமும் வந்தது. மருந்துக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சாப்பாடும் வருமானமும் இல்லாமல் ஆரோக்கியம் இல்லை என்பது ஒரு பதில். வெளியிலிருந்து வந்து தங்கும் டாக்டருக்குப் பேச ஆளும், பிள்ளைகளோடு விளையாட வேறு பிள்ளைகளும் கிடைக்கிறார்கள் என்பது, அதிகம் சொல்லப்படாத இன்னொரு பதில். நீலகிரியின் கூடலூரில் 1990-ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையும் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்களைப் பயிற்றுவித்தே வளர்ந்தது. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் கிராமப்புற மருத்துவப் பணியாளர்களைத் தக்கவைப்பது பற்றி வெளியிட்ட பரிந்துரைகளும் இதையொட்டியே இருக்கின்றன: கிராமத்துப் பின்னணி உள்ளவர்களைப் படிக்க வையுங்கள், குடும்பத்தோடு வாழத் தகுந்த வசதி செய்யுங்கள், தனிமை தீர வழி செய்யுங்கள், பணமும் கட்டாயமும் மட்டும் போதாது.

பணியாளர்களின் சந்தோஷத்தையும் ஆஸ்பத்திரி கவனிக்க வேண்டும் என்பதற்கு வரும் எதிர்ப்புகளில் ஒன்றைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். நோயாளி வலியில் துடிக்கும் இடத்தில் சிரிப்பும் விளையாட்டும் தகுமா என்பது அது. வருஷக்கணக்கில் தனியாகக் கிடந்து கசந்துபோன நர்ஸிடம் பிரசவத்துக்குப் போக யாரும் விரும்ப மாட்டார்கள். இன்னொன்று அப்படிப்பட்டதல்ல. சந்தோஷத்தைப் பற்றிப் பேசுவது சம்பளத்தைக் குறைக்க நல்ல சாக்கு என்கிறார்கள் சிலர். அந்தப் பயம் நியாயமானது. 2017 நவம்பரில் தமிழகத்தின் ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது பணி நிரந்தரத்துக்கும் முறையான ஊதியத்துக்கும்தான். மாசக் கடைசியில் கடன் வாங்குபவருக்குச் சாயங்கால வாலிபால் ஆறுதல் ஆகாது. சம்பளம் முதலில் வர வேண்டும். ஆனால் சம்பளம் மட்டுமே வந்தால், முதல் இடமாறுதல் கலந்தாய்விலேயே ஆள் கிளம்பிவிடுவார் என்பதையும் மறைக்க வேண்டாம்.

தொண்டு நிறுவனம் செய்வதை அரசு செய்ய முடியாது என்பது மூன்றாவது வாதம். பாதி செய்துகொண்டுதான் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, வீடு வீடாகப் போய் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை கொடுக்கும் வேலைக்கு அந்தந்தப் பகுதியின் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களைத்தான் எடுத்தது. சொந்த ஊரில் இருப்பவரைத் தக்கவைக்கத் தனியாக எந்தத் திட்டமும் வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து தங்குபவரைக் கவனிக்கும் மீதிப் பாதிதான் கிடப்பில் இருக்கிறது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று நர்ஸ்கள் என்று தமிழ்நாடு வகுத்த முறை நல்ல முறை. ஆனால் முறை மாற்றி வேலை பார்ப்பதால் ராத்திரியில் இருப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். அவர் தங்கும் குவார்ட்டர்ஸில் தண்ணீர் வருகிறதா, அடுத்த வீட்டில் ஆள் இருக்கிறதா, பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருகிறார் என்று ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பது உண்டா? பிரசவக் கணக்கைக் கேட்பார், தடுப்பூசிக் கணக்கைக் கேட்பார்.

உள்ளூர்ப் பெண்கள் தங்குவது சந்தோஷத்தாலா, வேறு வழி இல்லாததாலா என்று ஒருவர் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அதைத் தீர்க்க ஒரே வழி, ஆஸ்பத்திரிக்குள்ளேயே கற்றவர்களுக்கு வெளியிலும் செல்லுபடியாகும் படிப்பையும் சான்றிதழையும் கொடுப்பது. கையில் அது வந்தபின் சேலத்துக்கும் சென்னைக்கும் போகிறவர்கள் போகட்டும். அதன்பிறகும் எத்தனை பேர் பள்ளத்தாக்கிலேயே டூட்டிக்கு வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.