கத்திரி போனாலும் புழுக்கம் போகாது

1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ஆட்டம் ‘டை’ ஆனது. டெஸ்ட் கிரிக்கெட்டில் இதுவரை அப்படி முடிந்தவை இரண்டே. இன்னொன்று 1960இல் பிரிஸ்பேனில் நடந்தது. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் கிரெக் மாத்யூஸிடம் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ ஆனதைப் பற்றி நம் ஊரில் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் உடலியல் படிக்கிறவருக்கு அந்த ஆட்டத்தின் பெரிய சான்று ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸின் உடம்புதான். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ரன் எடுத்த அவர், ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார், தசைகள் பிடித்துக்கொண்டன, ஆட்டமிழந்த பிறகு மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அப்போது கத்திரி முடிந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 40 டிகிரிக்கு மேல் வெப்பம், 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்று சேர்த்து எழுதுவது வழக்கம். ஒரே நாளில் இரண்டும் வரலாம், காலையில் ஒன்று, பிற்பகலில் மற்றொன்று என்று. ஒரே வேளையில் வந்திருக்க முடியாது. காற்று சூடேற ஏற ஈரப்பதத்தின் சதவீதம் இறங்கும். 40 டிகிரியில் 80 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 36 டிகிரியை நெருங்கும். 2003இல் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பதிவான 35 டிகிரிப் பனிநிலையே உலக உச்சமாகச் சொல்லப்படுகிறது. சென்னையின் செப்டம்பர் பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரி அளவில்தான் இருக்கும். ஆக, கதையில் வருவதைவிடக் குறைந்த சூட்டிலேயே ஜோன்ஸ் சாய்ந்திருக்க வேண்டும். இதனால் அவருடைய சாதனை சிறுத்துவிடாது. நமக்கான எச்சரிக்கை பெரிதாகிறது.

வெயில் வேறு, புழுக்கம் வேறு என்பது தமிழில் புழங்குகிற எல்லோருக்கும் தெரியும். மண்பானைத் தண்ணீர் வறண்ட சித்திரையில் சில்லென்று இருக்கிறது, ஐப்பசி மழைநாளில் அப்படி இருப்பதில்லை. நம் தோலும் அந்தப் பானை மாதிரிதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்றிவிடும். கடும் உழைப்பில் ஒரு மணி நேரத்தில் பிறக்கும் வெப்பத்துக்கு அது போதும். சொட்டிக் கீழே விழுகிற வியர்வையோ எதையும் குளிர்விக்காது, உடம்பின் நீரையும் உப்பையும் கொண்டுபோவதோடு சரி. குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி இந்த வேறுபாட்டை அப்படியே காட்டும். 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் அது சுமார் 23 டிகிரி காட்டும். 34 டிகிரியும் 70 சதவீதமும் என்றால் 29. செய்திகளில் ‘வெயில் குறைந்தது’ என்று வாசிக்கும் நாளில் உடம்பின் சுமை ஏறியிருக்கலாம். இந்த ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியைத் தொட்டால் மனிதர் தாங்க முடியாது என்று முன்பு கணக்கிட்டிருந்தார்கள். 2022இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகச் சோதனைகளில், ஈரக்காற்றில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கே 31 டிகிரிக்கு அருகில் உடல் வெப்பம் கட்டுமீறத் தொடங்கியது.

அமெரிக்கக் கால்பந்தில் இதற்கு ஓர் இணை உண்டு. 1982 ஜனவரி 2 அன்று மியாமியில் சான் டியாகோ அணி கூடுதல் நேரத்தில் 41–38 என்று வென்ற ஆட்டத்தில், அந்த அணியின் கெலன் வின்ஸ்லோ தசைப்பிடிப்போடும் நீரிழப்போடும் கடைசிவரை ஆடினார். சக வீரர்கள்தான் அவரைத் தாங்கி வெளியே கொண்டுபோனார்கள். அன்றைய வெப்பம் சேப்பாக்கத்து அளவுக்குக்கூட இல்லை. கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் ஹெல்மெட்டும் தோள் கவசமும் சேர்ந்து வியர்வை உலர வழியில்லாமல் செய்துவிட்டன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு உலைக்கு முன்னால் ஹெல்மெட், கையுறை, தடித்த ஏப்ரனோடு நிற்பவரின் நிலையும் இதுவே. அவர் மேல் உலையின் அனலும் சேர்ந்து அடிக்கிறது.

‘மாத்யூஸ் அதே சேப்பாக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைசி இன்னிங்ஸில் 39.5 ஓவர் வீசினாரே?’ என்று கேட்கலாம். சுழற்பந்து வீச்சாளருக்கு ஓட்டம் குறைவு, அதனால் உடம்பில் பிறக்கும் வெப்பமும் குறைவு. ஆளுக்கு ஆள் தாங்கும் திறனும் மாறும். தாங்கியவரை வைத்து எல்லை வகுத்தால் தாங்காதவர் விழுவார். ‘நம் ஆட்களுக்கு இது பழகிய உடம்பு’ என்பது இன்னும் வலுவான வாதம், அதில் உண்மையும் உண்டு. ஒன்றிரண்டு வாரப் பழக்கத்தில் வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் போகும் உப்பும் குறையும். ஆனால் கூடுதலாகச் சுரந்த வியர்வையும் ஈரக்காற்றில் உலராது. பழகாத முதல் நாட்களோ மிக ஆபத்தானவை: 2001இல் அமெரிக்கக் கால்பந்தின் மினசோட்டா அணி வீரர் கோரி ஸ்டிரிங்கர் பயிற்சி முகாமின் இரண்டாம் நாளில் வெப்பத்தாக்குக்கு ஆளாகி மறுநாள் இறந்தார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்து மறுநாளே ஷிஃப்டுக்குப் போகும் இளைஞரை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் கொடுத்தால் போதும் என்பதும் பாதி உண்மையே. நீரும் உப்பும் இழப்பை ஈடுசெய்யும். உலராத வியர்வையை அவற்றால் உலர்த்த முடியாது. காற்றோட்டம்தான் அதைச் செய்யும்; உடம்பில் பிறக்கும் வெப்பத்தை ஓய்வுதான் குறைக்கும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல முடிவு. இருந்தாலும் வெப்ப அலையை அறிவிப்பது முதன்மையாகச் சாதாரண வெப்பமானியைப் பார்த்துத்தான்; சேப்பாக்கம் செப்டம்பர் அதன் கண்ணில் படாது. ஈரக்குமிழ் வெப்பமானி நூற்பாலைகளில் பழைய பொருள், விலையும் அதிகமில்லை. திருப்பாச்சூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி என்று இந்த வட்டாரத்தில் பட்டறை நடத்தும் ஒவ்வொருவரும் வேலை நடக்கும் இடத்திலேயே அதை மாட்டி, தொழிலாளர் கண்ணில் படும்படி அளவை எழுதி வையுங்கள். அது ஏற ஏற ஓய்வு நேரத்தையும் கூட்டுங்கள். கத்திரி முடிந்த மாதங்களிலும்.