நொய்யலுக்குத் தெற்கே - 14: பொன்னாச்சி

ஊத்துக்குளி வெண்ணெயோடு போன வாரம் நிறுத்தினோம். காங்கேயம் மாட்டையும் அது மேயும் கொறங்காட்டையும் இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கிளம்பியது அதற்குத்தான்.

திருப்பூரிலிருந்து படியூர் தாண்டினால் பனியன் கம்பெனிகள் குறைந்து, ரோட்டோரம் முள்ளுக்கிளுவை வேலி தொடங்கிவிடும். போத்து நட்டு வளர்த்த உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். ஒரு கொறங்காட்டில் செவலைக் கன்று ஒன்று தாய்மடியை முட்டிக்கொண்டிருந்தது. காங்கேயம் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும். ஆறு மாதத்தில் அந்தச் செவலை போய் வெளுத்துவிடும். வேலியோரம் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் அதைப் பற்றித்தான் கேட்டேன். பேச்சு எப்படியோ அண்ணன்மார் கதைக்குப் போய்விட்டது.

“பொன்னாச்சி இல்லீன்னா கொம்பன் செத்திருக்குமாங்க?” என்றார்.

அந்தக் கேள்வியோடு வீடு வந்தவன்தான், வாரம் முழுக்க வேறெதிலும் மனம் செல்லவில்லை. பொன்னர், சங்கர், தங்கை தங்காள், எதிரே கொம்பன் என்ற காட்டுப்பன்றி என்பது கொங்கில் எல்லோருக்கும் தெரியும். பொன்னாச்சி அந்த வீட்டுக் குட்டி நாய். பெண் நாய். வேட்டைக்குப் போகிறவர்கள் அதைக் கூப்பிடாமல் விட்டுப் போனார்கள். அது மனம் நொந்துபோனது. கடைசியில் மலைபோல நின்ற பன்றியின் விதையைக் கவ்வி அதன் பலத்தை ஒடித்தது அந்த நாய்தான். சங்கருடைய வீரத்தைப் பாட வந்த கதை, வெற்றியின் பாதியை ஒரு நாய்க்குட்டிக்கு எடுத்துக் கொடுக்கிறது. இந்த மண்ணின் நியாயம் எனக்கு அந்த இடத்தில்தான் தெரிகிறது.

இவ்வளவு முழுசாக அந்தக் கதை நம் கையில் இருப்பதற்கு ஓலப்பாளையத்தைச் சொல்ல வேண்டும். காங்கேயம் பக்கத்துச் சிற்றூர். பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் 1960-களின் நடுவில் அங்கே தங்கியிருந்தார். 1965-இல் இரண்டு பாடகர்கள் உடுக்கையடித்து இரவிரவாகப் பாடியதை டேப்பில் பதிவு செய்தார். முப்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் பாட்டு. அதை வைத்து 1982-இல் அவர் நூலும் எழுதினார். உடுக்கையின் இடைக்கயிற்றை இறுக்கினால் ஓசை ஏறும், தளர்த்தினால் இறங்கும். தங்காள் அழும் இடத்தில் அந்தக் கயிறு படும் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும். என் அம்மிச்சி அந்த இடம் வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். எத்தனையாவது முறை கேட்டாலும் அப்படித்தான்.

இன்று அந்த ஊர்களிலிருந்து ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற பிள்ளைகளுக்கு விடியவிடிய உட்கார நேரம் கிடையாது. அவர்கள்மேல் குற்றம் இல்லை. ஆனால் உடுக்கை எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே நம் பள்ளிகள் அவர்களைக் கூப்பிட வேண்டும்.

கொறங்காட்டு வேலிக்குள் அடுத்த வாரம் கட்டாயம் போவோம். அந்தச் செவலைக் கன்றை மறுபடி பார்க்க வருவதாகப் பெரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

(தொடரும்)